நாயும் பூனையும் நோயில்லாமல் வளர: நம் ஊர் வீடுகளுக்கு

நம் ஊரில் வீட்டு நாயும் பூனையும் ஆயுசு முடிவதற்கு முன்பே செத்துப்போகிற காரணங்களை எழுதிப் பார்த்தால் பட்டியல் பெரிதாக நீளாது. நாய்க்குட்டிகளுக்குப் பார்வோ என்கிற வைரஸ் நோய், வளர்ந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல், கோடையில் வெப்பத் தாக்கு, கடுவன் பூனைக்கு மூத்திர அடைப்பு, கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்குக் கருப்பையில் சீழ், அப்புறம் நாமே பாசத்தோடு போடுகிற சாப்பாடும் கைக்குக் கிடைத்த மாத்திரையும். இதில் எதுவும் டாக்டர்களுக்குப் புரியாத வியாதி இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் அது செலவு குறைந்த வேலைதான். அதனால் பெல்ட், படுக்கை, ஷாம்பு, உடை என்று கடைக்காரர் சொல்லும் சமாச்சாரங்களை எல்லாம் விட்டுவிட்டு, உயிரைக் காப்பாற்றும் விஷயங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவரும் முன்

நாய் 10 முதல் 15 வருடம் வாழும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனை அதற்கு மேலும் வாழும். பத்தாம் வகுப்பு படிக்கிற மகன் கேட்கிறான் என்று வாங்கினால், அவன் கல்லூரிக்கு வெளியூர் போய், வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் முடிந்த பிறகும் அந்த நாய் உங்களோடுதான் இருக்கும். காலையில் யார் வெளியே அழைத்துப் போவது, மாதாமாதம் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பணம் யார் தருவது, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். வாடகை வீடு என்றால் ஓனரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வீடு மாறும்போது தெருவில் விடப்பட்ட நாய் அதே கேட்டின் முன்னால் நாள்கணக்கில் படுத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று தெரியும். சோறு தண்ணீர் கிடைக்காமல் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

எந்த இனம் என்பதில் கண்ணைவிட ஊரின் வெயிலை நம்புங்கள். ஹஸ்கியின் உடம்பில் இருப்பது பனிக்காக வளர்ந்த இரண்டு அடுக்கு ரோமம், அதை மே மாதத்துச் சென்னையில் வைத்துக்கொள்ள நாள் முழுக்க ஏசி ஓடவேண்டும், கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுக்குழாயே குறுகல், கொஞ்சம் ஓடினாலே திணறும். பெர்சியன் பூனைக்கும் அதே மூக்குத் தொல்லை, கூடவே சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வருவது அந்த இனத்தில் பரம்பரையாக உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நம் வெயிலுக்கு ஏற்றவைதான், ஆனால் அவை வேட்டைக்கு வளர்க்கப்பட்ட நாய்கள், ஓட இடம் வேண்டும், இரண்டு அறை ஃபிளாட்டில் பூட்டி வைத்தால் சோபாவைக் கிழிக்கும். ராஜபாளையம் வாங்கினால் குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். அந்த முழு வெள்ளை நிறத்தோடு சேர்ந்து காது கேளாமையும் சில குட்டிகளுக்கு வருகிறது.

என்னைக் கேட்டால் தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியையோ, விலங்கு நலக் காப்பகத்திலிருந்து ஒன்றையோ எடுத்து வளருங்கள் என்றுதான் சொல்வேன். சென்னையில் புளூ கிராஸ் மாதிரி இடங்களில் வீடு தேடிக் காத்திருக்கும் குட்டிகள் எப்போதும் உண்டு. காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்றால், 8 வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017இல் வந்த விதி. பல இடங்களில் ஒரு மாதத்திலேயே கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருக்கும் அந்தக் கடைசி வாரங்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி, கையைக் கடித்துக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஊசி

பார்வோ எப்படி வரும் என்று சொல்கிறேன். குட்டி காலையில் சாப்பிடாது. மதியம் நுரை நுரையாக வாந்தி. சாயங்காலம் ரத்தம் கலந்த பேதி, அதில் ஒரு அழுகல் நாற்றம் இருக்கும், ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். உடம்பிலுள்ள நீரெல்லாம் வற்றிப்போய் ஒன்றிரண்டு நாளில் உயிர் போகலாம். வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து கடையில் வாங்குகிற மாதிரி எதுவும் இல்லை, டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, குட்டியின் உடம்பு தானாகச் சண்டை போடும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. அதனால் வாந்தி தொடங்கிய அன்றே போகவேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று மோர் கொடுத்துக்கொண்டு இருக்கக் கூடாது.

தடுக்க ஊசி இருக்கிறது. 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழவேண்டும். "ரெண்டு ஊசி போட்டாச்சு, போதும்" என்று நிறுத்திவிட்டு அப்புறம் பார்வோ வந்துவிட்டதே என்று கலங்குபவர்கள் நிறைய. ஏன் இத்தனை தடவை என்றால், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி குட்டியின் உடம்பில் சில வாரம் இருக்கும், அது இருக்கிற வரைக்கும் ஊசி மருந்தையும் வேலை செய்ய விடாமல் அழித்துவிடும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும் என்பதால்தான் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். டிஸ்டெம்பர் என்கிற இன்னொரு வைரஸ் நோய், எலிக்காய்ச்சல் போன்றவற்றுக்கும் அதே ஊசிகளிலேயே பாதுகாப்பு சேர்ந்து வரும். எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரம் கலந்த மழைத் தண்ணீரில் பரவுவது, நாயிடமிருந்து நமக்கும் வரக்கூடியது, ஐப்பசி கார்த்திகையில் தெருவில் தேங்கிய தண்ணீரை நாய் குடிக்க விடாதீர்கள்.

ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே இருந்தாகவேண்டும். பெட் கடைக்காரர் பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டார் என்றால் அது ஊசி போட்ட கணக்கில் சேராது. கால்நடை டாக்டரிடம் போங்கள், மருந்து பாட்டிலின் ஸ்டிக்கரைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டி, தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். தனியார் கிளினிக் கட்டுப்படியாகவில்லை என்றால் அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. சென்னையில் வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் ஆஸ்பத்திரி உண்டு.

ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில், பூங்காவில், மற்ற நாய்கள் அசிங்கம் செய்யும் இடத்தில் இறக்கிவிட வேண்டாம். அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைத்தும் வைக்காதீர்கள். கையில் தூக்கிக்கொண்டு போய் பஸ் சத்தம், ஆட்டோ, ஹெல்மெட் போட்டவர்கள், குழந்தைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள், 4 மாதத்துக்குள் பார்த்துப் பழகாததைக் கண்டு பிறகு ஆயுசு முழுக்கப் பயப்படும். இன்னொன்று, வீட்டில் ஒரு குட்டி பார்வோவில் இறந்திருந்தால் அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட, உயிரோடு இருக்கும். சாதாரண பினாயிலுக்கு அது சாகாது. கழுவக்கூடிய இடங்களை முதலில் சோப்பு போட்டுத் தேய்த்து, அப்புறம் 30 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் திரவம் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள், ஊசி போடாத புதுக் குட்டியை உடனே அந்த வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

ரேபிஸ் ஊசி 3 மாதத்தில், பிறகு வருடம் தவறாமல். பூனைக்கும்தான். வீட்டை விட்டு வெளியே போகாத பூனைதானே என்று விடாதீர்கள், கதவு திறந்த ஒரு நொடி போதும். உங்கள் வீட்டுக் குட்டியே விளையாட்டாய்க் கடித்து ரத்தம் வந்தாலும் சரி, தெருநாய் பிறாண்டினாலும் சரி, முதல் வேலை காயத்தைக் குழாயடியில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுவது. மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அரசு ஆஸ்பத்திரியில் இந்த ஊசி இலவசம், இப்போது தொப்புளைச் சுற்றிப் போடுவதும் இல்லை, கையில் தோலுக்குள் 0, 3, 7, 28ஆம் நாள்களில் போடுகிறார்கள். ரத்தம் வருகிற அளவுக்குக் காயம் என்றால் காயத்திலேயே போடுகிற இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பு மருந்தும் வேண்டும். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கப்பட்டதே நாய்க்கடி சிகிச்சைக்காகத்தான். நூறு வருடத்துக்கு மேலாக மருந்து கையில் இருந்தும் மந்திரிக்கப் போய் உயிரை விடுகிறவர்கள் இருப்பதுதான் மனதைப் பிசைகிறது. ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் பிறகு யாராலும் காப்பாற்ற முடியாது.

குடல்புழு மருந்து தனி. குட்டிக்கு 2 வாரத்தில் தொடங்கி 2 வாரத்துக்கு ஒரு முறை, 3 மாதத்துக்குப் பிறகு மாதம் ஒரு முறை, 6 மாதத்துக்குப் பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறை. எடை போட்டு அளவு பார்த்துக் கொடுக்கவேண்டும்.

உண்ணி

நம் சீதோஷ்ணத்தில் உண்ணி வருடம் முழுக்க உண்டு. உண்ணி ரத்தம் குடிப்பது பெரிய விஷயமே இல்லை, அது குடிக்கும்போது நாயின் ரத்தத்தில் விடுகிற கிருமிதான் எமன். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் முதலில் சும்மா டல்லாக இருக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும், காய்ச்சல் வந்து போகும். அப்புறம் மூக்கில் ரத்தம், வயிற்றில் ஊதா நிறப் புள்ளிகள், காப்பி டிக்காஷன் நிறத்தில் மூத்திரம். இந்தக் கட்டத்தில் கொண்டுபோனால் ரத்தம் ஏற்றவேண்டி வரும். முதல் கட்டத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்து கண்டுபிடித்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே குணமாகிவிடும். எத்தனை நாள் மாத்திரை எழுதியிருக்கிறார்களோ அத்தனை நாளும் கொடுங்கள், மூன்றாம் நாள் வாலை ஆட்டுகிறதே என்று நிறுத்தாதீர்கள்.

நாய் மேல் பத்து உண்ணி தெரிகிறது என்றால் வீட்டில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது என்று அர்த்தம். ரத்தம் குடித்துக் கொண்டைக்கடலை அளவுக்கு உப்பிய பெண் உண்ணி தானாகக் கீழே விழுந்து, சுவரில் ஏறி, விரிசலிலோ நிலைப்படி இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டை இடும். ராத்திரி டார்ச் அடித்து நாய் படுக்கும் மூலைக்கு மேலே சுவரைப் பாருங்கள், ஊசிமுனை அளவில் குஞ்சு உண்ணிகள் வரிசையாக ஏறுவது தெரியும். அதனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் தீராது. சுவர் விரிசலை சிமெண்ட் வைத்து அடையுங்கள், நாயின் விரிப்பைக் கொதிக்கும் தண்ணீரில் துவையுங்கள், மூலை முடுக்கைத் துடைத்து எடுங்கள். நாய்க்கு இப்போது மாதம் ஒரு முறையும் 3 மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கிற மெல்லும் மாத்திரைகள் வந்துவிட்டன. விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் நல்ல பலன் தருகிறது, எடைக்குத் தகுந்த மாத்திரையாக டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கையால் எடுப்பதானால் இடுக்கியில் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள், விரலால் நசுக்க வேண்டாம்.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனை மேல் ஒருபோதும் போடாதீர்கள். நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருக்கும், அதைப் பூனையின் ஈரலால் சமாளிக்க முடியாது, உடம்பு உதறி வலிப்பு வந்து செத்துவிடும். அதே மாதிரி சொறிக்குப் பழைய எஞ்சின் ஆயில் பூசுவது, புழு வைத்த புண்ணில் பெட்ரோலோ பினாயிலோ ஊற்றுவது, இந்த இரண்டையும் ஊர்ப்பக்கம் இன்னும் செய்கிறார்கள். நக்கினால் விஷம், நக்காவிட்டாலும் தோல் வெந்துபோகும். சொறிக்கு நல்ல மருந்து இருக்கிறது.

சாப்பாடு

வீட்டுச் சாப்பாடு போடலாம், தப்பே இல்லை. ஆனால் நாம் சாப்பிட்ட மிச்சத்தைப் போடுவது வேறு, நாய்க்கென்று உப்பு, காரம், வெங்காயம் இல்லாமல் தனியாக வேகவைப்பது வேறு. வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் ரத்தச் சிவப்பணுக்களையும் உடைக்கும், வதக்கினாலும் கொதிக்க வைத்தாலும் விஷம் போகாது. பிரியாணியிலிருந்து கறியை மட்டும் எடுத்துப் போடுகிறேன் என்றாலும் மசாலா அதில்தான் இருக்கிறது. திராட்சை, உலர்திராட்சை இரண்டும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். இதற்குக் காரணம் திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலம் என்று சமீப வருடங்களில் ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள், அந்த அமிலம் நிறைய இருக்கிற இன்னொரு பொருள் நம் சமையலறையில் தினமும் கரைகிறது: புளி. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதித்தது பதிவாகியிருக்கிறது. ஆகவே சாம்பார் சாதம், ரசம் சாதம், புளியோதரை வேண்டாம். பாயசமும் கேசரியும் அதிலுள்ள திராட்சைக்காகவே வேண்டாம். சாக்லேட், சைலிட்டால் என்கிற இனிப்பூட்டி சேர்த்த சுகர்ஃப்ரீ மிட்டாய் ஆகியவையும் விஷம்தான். வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

என்ன போடுவது என்றால், வேகவைத்த கோழி அல்லது முட்டை, கொஞ்சம் ஈரல், பூசணி, கேரட், அதோடு சோறு. தட்டில் சோறு மட்டும் மலையாகக் குவிந்து கறி வாசனை மட்டும் இருந்தால் அது சாப்பாடு ஆகாது, வளரும் குட்டிக்கு நிச்சயம் ஆகாது. பாக்கெட் தீவனம் போட்டால் அதிலேயே கால்சியம் இருக்கிறது, பெரிய இனக் குட்டிகளுக்குக் கூடுதலாக கால்சியம் டானிக் கொடுத்தால் எலும்பு கோணலாகிவிடும். விலா எலும்பைத் தடவிப் பாருங்கள், லேசாக அழுத்தினால் கையில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் அளவைக் குறையுங்கள்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள். பூனைக்கு ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை எமனாகலாம். காய்ச்சலாக இருக்கிறதே என்று நல்ல எண்ணத்தில்தான் கொடுப்பார்கள், சில மணி நேரத்தில் ஈறு பழுப்பாக மாறி முகம் வீங்கிவிடும். நாய்க்கு இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கொடுத்தால் வயிற்றில் புண், சிறுநீரகம் கெடும்.

பூனையைச் சின்ன நாய் என்று நினைக்காதீர்கள்

பூனை முழுக்க முழுக்க மாமிச உயிரி. டாரின் என்கிற சத்து அதற்கு இறைச்சி, மீனிலிருந்துதான் கிடைக்கும், அது குறைந்தால் மெல்லப் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். தயிர் சாதமும் பாலும் போட்டு வளர்த்த பூனை பார்க்க நன்றாக இருக்கிறதே என்பார்கள், வெளியே போய் எலியும் பல்லியும் பிடித்துத் தின்று ஈடுகட்டியிருக்கும். வீட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டு அதே தயிர் சாதத்தைப் போட்டால் தாங்காது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்கவும் செரிக்காது. ஒரு பூனை 2 நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து, குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம்.

கடுவன் பூனை வைத்திருப்பவர்கள் இதை நன்றாக மனதில் வையுங்கள். அடிக்கடி மண் பெட்டிக்கு (பூனை மலமூத்திரம் போக மண் போட்டு வைக்கும் பெட்டி) போகிறது, முக்கிக்கொண்டு வெகுநேரம் உட்கார்கிறது, கத்துகிறது, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, பெட்டியில் பார்த்தால் ஈரம் இல்லை. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். அது மூத்திரக் குழாய் அடைப்பு. ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். ராத்திரி பத்து மணி என்றாலும் கிளம்புங்கள், அடைப்பை எடுக்க டாக்டர் குழாய் போடவேண்டும். வராமல் இருக்க, தண்ணீர் உள்ளே போகவேண்டும்: ஈர உணவு கொடுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் வீட்டில் நாலு இடத்தில் வையுங்கள், மண் பெட்டியை தினமும் சுத்தம் செய்யுங்கள், பெட்டிகளின் எண்ணிக்கை பூனைகளைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

தரை துடைக்கிற பினாயிலைப் பூனை வீட்டில் நிறுத்திவிடுங்கள். ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கும், பினாயிலில் இருக்கிற பினால் வகை ரசாயனங்களை அதன் உடம்பால் சரியாக வெளியேற்ற முடியாது. அந்துருண்டையும் விஷம். மாடி வீடு என்றால் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை. பூனை விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், புறாவைப் பார்த்துத் தாவும்.

வீட்டில் பெண் உண்டானதும் பூனையைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடச் சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். பயம் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமியைப் பற்றியது, பயம் நியாயமானதுதான், ஆனால் பூனையை விரட்டவேண்டியதில்லை. பூனையின் மலத்தில் வரும் அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால் மண் பெட்டியை தினமும் வேறு யாராவது சுத்தம் செய்யட்டும், பூனைக்குப் பச்சைக் கறி போடாதீர்கள், கர்ப்பிணி தோட்ட மண்ணில் கை வைத்தால் கையுறை போடட்டும், காய்கறியை நன்றாகக் கழுவி, கறியை முழுக்க வேகவைத்துச் சாப்பிடட்டும். சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும்தான் நாம் அதிகம் பயப்படவேண்டியவை.

வெயில்

நாய்க்கு நம்மைப் போல வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிர்விக்கும். கத்திரி வெயில் காலத்தில் காலை 7 மணிக்கு முன்பும் இருட்டிய பிறகும் மட்டும் வெளியே கூட்டிப்போங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு நாயைக் கட்டுவது, காரில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்வருவது, இரண்டும் கொலைக்குச் சமம்.

நாயின் சாதாரண உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104ஐத் தாண்டினால் ஆபத்து. விடாமல் இரைப்பது, எச்சில் ஒழுகுவது, ஈறு செக்கச்சிவப்பாவது, தள்ளாடுவது தெரிந்தால் நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஃபேன் போடுங்கள். இங்கே ஒரு விஷயம், மத்தியானத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கொதிக்கும், வீட்டுக்குள் வாளியில் பிடித்துவைத்த தண்ணீரை எடுங்கள். ஈரத் துண்டை மேலே போர்த்தி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். ஐஸ் தேடி ஓடி நேரத்தை விடவேண்டாம். கொஞ்சம் தணிந்ததும் டாக்டரிடம் போய்விடுங்கள், எழுந்து நடந்தாலும் சரி, உள்ளுறுப்புப் பாதிப்பு மறுநாள்தான் தெரியும்.

கருத்தடை

"ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது" என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரமே இல்லை. கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். பருவம் முடிந்த ஓரிரு மாதத்தில் நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து, சாப்பாட்டை ஒதுக்கி, பின்பக்கம் ஏதாவது வடிந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். சில நேரம் வடியாமலே உள்ளே தேங்கும், அது இன்னும் மோசம். சீக்கிரமே கருத்தடை செய்தால் மார்புக் கட்டி வருவதும் வெகுவாகக் குறையும். பூனைக்கு 5 மாதத்திலேயே செய்யலாம், தாமதித்தால் அரை வயதுப் பூனையே சினையாகி நிற்கும், சினைக்காலம் 2 மாதம்தான். பெரிய இன நாய்களுக்கு எப்போது செய்வது என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், மூட்டு வளர்ச்சியைப் பொறுத்துக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்வார்கள். பிறந்த குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்துக் கோயில் வாசலில் விட்டுவருவது எந்தக் கணக்கிலும் புண்ணியம் இல்லை.

தெருவும் அக்கம்பக்கமும்

சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், ரேபிஸ் ஊசி போட்ட சான்று வேண்டும், 2025இலிருந்து மைக்ரோசிப்பும் கட்டாயமாகியிருக்கிறது, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். மைக்ரோசிப் என்பது அரிசி அளவில் தோலுக்கடியில் வைக்கும் ஒரு எண், அது நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது, கிடைத்த நாய் யாருடையது என்றுதான் சொல்லும். அதனால் கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் பொறித்த தகடும் இருக்கட்டும். தீபாவளிக்கு முந்தைய நாள் அந்தத் தகடு இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள், வெடிச் சத்தத்துக்குச் சுவர் ஏறிக் குதித்து ஓடிக் காணாமல் போகிற நாய்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. அன்று சாயங்காலத்துக்குள் வெளியே அழைத்துப்போய் வந்துவிட்டு, ஜன்னல் சாத்திய அறையில் ஃபேனையும் டிவியையும் போட்டு வையுங்கள், சங்கிலியில் கட்டாதீர்கள். ரொம்பப் பயப்படுகிற நாய் என்றால் ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேளுங்கள், மருந்து உண்டு.

வெளியே போகும்போது கயிறு கையில் இருக்கட்டும், "என் நாய் கடிக்காது" என்பது எதிரே வருகிற பயந்த பாட்டிக்குத் தெரியாது. கூடவே பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்துப் போய் அசிங்கத்தை அள்ளுங்கள். அபார்ட்மெண்டில் பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது.

தினமும் இரண்டு நிமிடம்

சாயங்காலம் தடவிக்கொடுக்கும்போதே பார்த்துவிடலாம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், ரோஸ் நிறத்தில் இருக்கவேண்டும், விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வரவேண்டும். வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலையோ உள் ரத்தக்கசிவையோ சந்தேகிக்கவேண்டும், மஞ்சளாக இருந்தால் காமாலை. காது மடலை முகர்ந்து பாருங்கள், விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா பாருங்கள். எத்தனை தடவை மூத்திரம் போனது, மலம் எப்படி இருந்தது, கிண்ணத்துத் தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும். பூனை வலியைக் காட்டவே காட்டாது, கட்டிலுக்கடியில் ஒளிவது, தன்னைச் சுத்தம் செய்துகொள்வதை நிறுத்துவது, வழக்கமாகத் தாவும் அலமாரியில் தாவாமல் இருப்பது இவைதான் அதன் பேச்சு. 7, 8 வயதுக்குப் பிறகு வருடம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், சிறுநீரகம் கெடுவது வெளியே தெரிவதற்குள் பாதிக்கு மேல் போயிருக்கும்.

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒரு தாளில் சாப்பாட்டு அளவு, என்ன போடக் கூடாது, மருந்து இருந்தால் எந்த நேரம், டாக்டர் நம்பர், ராத்திரியிலும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது என்று எழுதி, தடுப்பூசி அட்டையோடு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அவசரம் என்றால் உங்களைக் கேட்காமலே டாக்டரிடம் கொண்டுபோகலாம், செலவை நீங்கள் தருவீர்கள் என்பதையும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், போனில் உங்களைப் பிடிக்க முடியாமல் அவர் தயங்கி நிற்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் பல உயிர்கள் போகின்றன.